பெங்களூரு வீட்டுத் தோட்டமும் களைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் தமிழ் பேசும் ஏழெட்டு வீடுகளில் தோட்டம் உண்டு. தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு போக மிஞ்சிய நான்கடி மண், இல்லாவிட்டால் மொட்டை மாடியில் இருபது பைகள். ஏப்ரலில் மாம்பழ மழை தொடங்கிவிட்டால் வேலிக்கு மேலிருந்தும் மாடிக்கு மாடியும் கேள்விகள் வரத் தொடங்கும். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

என் மாமியார் "அது கீரை" என்கிறார். தோட்டக்காரர் "அது களை" என்கிறார். யார் சொல்வது சரி?

எங்கள் வீட்டிலும் இதே வழக்கு நடந்தது. தக்காளிப் பாத்தியில் ஒரு சாண் உயரம் நின்ற குப்பைக்கீரையைப் பிடுங்கி மூலையில் போட்டேன். அரை மணி நேரத்தில் அது முறத்தில் ஏறி, ஆய்ந்து, கூட்டாகிவிட்டது. அதன்பிறகு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: நான் வைத்த செடியின் நீரிலும் வெயிலிலும் பங்கு கேட்கிறதா, பூத்தால் பாத்தி முழுவதும் பரவுமா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் களை. சுவரோரம் முளைத்த மணத்தக்காளியை விட்டுவிடுகிறேன். அதே செடி கத்தரிப் பாத்தியில் வந்தால் எடுத்துவிடுகிறேன். கத்தரிக்கும் தக்காளிக்கும் அது பங்காளி. அவற்றைத் தாக்கும் பூச்சியும் நோயும் அதிலே வந்து தங்கும்.

முளைத்திருப்பது என்ன செடி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் பிறகு தெரியட்டும். முதலில் ஒன்றை நனைந்த மண்ணிலிருந்து மெதுவாக, வேர் அறாமல் எடுத்துப் பாருங்கள். களையை எப்படி ஒழிப்பது என்பதை மேலே இருக்கும் இலையைவிட அடியில் இருப்பதுதான் தீர்மானிக்கிறது. கீழாநெல்லி, குப்பைமேனி, பார்த்தீனியம் போன்றவை விதையால் மட்டும் வருபவை. பூப்பதற்குள் பிடுங்கினால் அதோடு கதை முடிந்தது. மூக்கிரட்டைக்குக் கட்டை விரல் பருமனுக்கு ஆணிவேர் இறங்கும். பாதியில் ஒடிந்தால் மறுபடி துளிர்க்கும். அருகம்புல்லும் கானாவாழையும் கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடுபவை. கோரையும் ஊதாப்பூ புளியாரையும் மண்ணுக்குள் கிழங்கு வைத்திருப்பவை. இவற்றைப் பிடுங்குவது முடி வெட்டுவது போல, வளர்ந்துகொண்டே இருக்கும்.

செல்போனில் படம் எடுத்துக் கண்டுபிடிக்கும் செயலிகள் பூத்த செடிக்கு உதவும். இரண்டிலை நாற்றுக்கு அவை சொல்வதை நம்பி எதையும் சமைத்துவிடாதீர்கள்.

எத்தனை முறை பிடுங்கினாலும் ஒரு வாரத்தில் ஈட்டி போல ஒரு புல் திரும்ப வருகிறது. அது என்ன?

அது புல்லே அல்ல, கோரை. தண்டை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல் உருண்டையாக ஓடும், கணு தட்டுப்படும். கோரை முப்பட்டையாக இருக்கும், உருளாது. இலைகளும் மூன்று திசைக்கு மூன்றாகக் கிளம்பியிருக்கும். கன்னடத்தில் இதன் கிழங்குக்குக் கொன்னாரி கெட்டே என்று பெயர்.

எங்கள் வீட்டுக்கு இது வந்தது ஒரு லோடு செம்மண்ணோடு. மண் விற்றவர் "ஏரி மண், தங்கம் போல" என்றார். மூன்றாம் வாரம் மல்லிகைத் தொட்டியிலிருந்து பச்சை ஊசிகள் எட்டிப் பார்த்தன. தொட்டியைக் கவிழ்த்தேன். கறுத்த மணி ஒன்று, அதிலிருந்து கம்பி போல ஒரு இழை, இழையின் முனையில் இன்னொரு மணி, அதிலிருந்து இன்னொரு இழை என்று ஜபமாலை போலக் கோத்துக்கொண்டு போயிருந்தது. நகத்தால் ஒரு மணியைக் கீறினால் உள்ளே வெள்ளை. நலங்கு மாவின் வாசனை. ஆமாம், குளியல் பொடியில் சேர்க்கும் கோரைக்கிழங்கு இதுதான். நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குவதை மல்லிகைத் தொட்டியில் இலவசமாக வளர்த்துக்கொண்டிருந்தேன்.

கொத்திவிட்டால் போய்விடும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மாலை அறுந்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியே விழித்துக்கொள்ளும். கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பையும் அதன் குருத்து துளைத்துக்கொண்டு வரும். எனக்குப் பலன் தந்தவை இரண்டு. ஒன்று, தொட்டி மண்ணை முழுவதும் கொட்டி, மணல் சலிக்கும் சல்லடையில் சலித்துக் கிழங்கைப் பொறுக்குவது. இரண்டு, தரையில் இருப்பதற்கு: பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் விடாமல் காயப்போட்டு, ஒரு முழம் ஆழம் கிளறி, கிழங்குகளை வெயிலில் இரண்டு வாரம் கிடக்கவிடுவது. ஈரம் வற்றினால் கிழங்கு செத்துவிடும். ஊரில் கோடை உழவு என்று செய்வதும் இதே காரியத்துக்குத்தான். அதற்குப் பிறகும் தலை காட்டுவதை நான்காவது இலை வருவதற்குள் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குருத்து கிளம்பிய சில வாரங்களிலேயே புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அந்த நேரத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது. கோரைக்கு நிழல் ஆகாது. கிளறிய இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டு விட்டேன். மூன்று மாதத்தில் அது தரையை மூடிவிட்டது. கோரை முழுவதும் ஒழியவில்லை, ஆனால் இப்போது தேடினால்தான் கிடைக்கிறது.

அருகம்புல்லும் அதே மாதிரிதானா?

பாதி. அதற்குக் கிழங்கு கிடையாது, ஆனால் தரைக்கு மேலே ஓடும் தண்டு, கீழே ஓடும் தண்டு இரண்டும் உண்டு. முள்கரண்டி போன்ற மண்கிளறியால் நெம்பி, வெள்ளைத் தண்டைத் துண்டு விடாமல் உருவ வேண்டும். மண்வெட்டியால் வெட்டினால் ஒன்று பத்தாகும். கணு ஒன்று மிஞ்சினாலும் போதும் அதற்கு. வரம்போரத்தில் செங்கலை ஓரடி ஆழத்துக்குப் புதைத்து வைத்தால் பக்கத்து வீட்டு அருகு உள்ளே வருவது குறையும். ஒரு மூலையில் கொஞ்சம் விட்டுவையுங்கள். பிள்ளையார் சதுர்த்தியன்று அல்சூர் சந்தையில் ஒரு பிடி அருகுக்குப் பேரம் பேச வேண்டியிருக்காது. இங்கே அதை கரிகே என்று கேட்க வேண்டும்.

புளியாரையைப் பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வருகிறது. என்ன செய்வது?

உங்களிடம் இருப்பது எந்தப் புளியாரை என்று பாருங்கள். மஞ்சள் பூ, சின்ன இலை, தரையோடு படர்வது என்றால் நம் ஊர் புளியாரை, துவையலுக்கு ஆகும். அதன் முற்றிய காய் தொட்டவுடன் வெடித்து விதையை எறியும். ஆகையால் காய் நிமிர்ந்து நிற்பதற்குள் எடுத்துவிடுங்கள். ஊதாப் பூவும், மீன்வால் போல முக்கோணமான பெரிய இலையும் இருந்தால் அது தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. பெங்களூரின் பழைய தோட்டங்களில் அது இல்லாத இடம் குறைவு. மண்ணுக்குள் சின்ன வெங்காயம் போல ஒரு குமிழ், அதைச் சுற்றிக் கடுகளவில் குட்டிகள். இழுத்தால் இலை வரும், தாய் நிற்கும், குட்டிகள் சிதறும். கரண்டியால் அந்த மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுப்பதுதான் வழி. பூ அழகாக இருக்கிறது என்று தொட்டியில் வைத்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து மண் வாங்காதீர்கள்.

காலி சைட்டுகளில் வெள்ளைப் பூவோடு நிற்கும் செடி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அது ஆபத்தானதா?

பார்த்தீனியம். இங்குள்ளவர்கள் காங்கிரஸ் கிட என்பார்கள்; கிட என்றால் கன்னடத்தில் செடி. பூ கதர்க் குல்லாய் போல வெள்ளையாக இருப்பதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வதுண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடி 1950களில் புனேயில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுவதும் பரவியது. ஆபத்து என்பது மிகையல்ல. பலருக்கு இதைத் தொட்டால் தோல் தடித்துச் சிவக்கும். தொடாமலேயே, காற்றில் வரும் தூளால் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பில் அரிப்பு வரும். மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம்.

நாற்றாக இருக்கும்போது கேரட் இலை அல்லது சாமந்தி இலை போலத் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். பிடுங்க வேண்டிய நேரம் அதுதான். முளைத்து ஒரு மாதத்துக்குள் பூக்க வல்லது, ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். முழுக்கை சட்டை, கையுறை, மூக்கை மூட ஒரு துணி இவை இல்லாமல் இறங்காதீர்கள். ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலைக்கே போக வேண்டாம், வேறொருவர் செய்யட்டும். அரிவாளால் மேலே வெட்டிவிட்டு வருவதில் பயனில்லை. அடியிலிருந்து கிளைத்து இன்னும் தாழ்வாகப் பூக்கும். மழை பெய்த மறுநாள் வேரோடு இழுங்கள்.

அதன் இலையில் வெளிர் மஞ்சள் உடம்பில் பழுப்புக் கோடு போட்ட வண்டு உட்கார்ந்திருந்தால் அதை அடித்துவிடாதீர்கள். மெக்சிகோவிலிருந்து வரவழைத்து 1984இல் இதே பெங்களூரில் விடப்பட்ட வண்டு அது. பார்த்தீனிய இலையைத் தின்றே பிழைக்கிறது. மழைக்காலத்தில் செடியை மொட்டையடித்துவிடும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் போய்த் தூங்கும். அது தூங்கும் காலத்துக்கு நாம்தான் பொறுப்பு.

பெங்களூரு மழைக்கு எந்த மாதம் களை எடுக்க வேண்டும்?

சென்னையில் ஒரு மழைக்காலம் என்றால் இங்கே ஏறக்குறைய மூன்று. ஏப்ரல், மே மாதத்து மாலை மழை. ஜூன் முதல் தூறல். செப்டம்பர், அக்டோபரில் கொட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் முளைக்கும். முதல் மாம்பழ மழைக்கு இரண்டு வாரம் கழித்து வரும் நாற்றுகளை மட்டும் நீங்கள் தவறவிடாமல் சுரண்டிவிட்டால், அந்த ஆண்டின் வேலை பாதியாகிவிடும். அப்போது அவை நகம் அளவுதான் இருக்கும். களைக்கொத்தால் மேல் மண்ணைச் சுரண்டினாலே போதும்.

விதைப்பதற்கு முன் இன்னொரு தந்திரம் செய்யலாம். பாத்தியைத் தயார்செய்து, தண்ணீர் விட்டு, ஒன்றும் விதைக்காமல் பத்து நாள் காத்திருங்கள். களை விதைகள் முளைக்கும். ஆழமாகக் கிளறாமல் அவற்றைச் சுரண்டிவிட்டு, பிறகு கீரை விதையைத் தூவுங்கள். ஆழமாகக் கிளறினால் அடியில் கிடக்கும் விதைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அடுத்த பந்தி போட்டதாகிவிடும்.

கையால் பிடுங்குவது ஈர மண்ணில், காலையில். கொத்துவது காய்ந்த மண்ணில், நல்ல வெயிலில். இதை மாற்றிச் செய்பவர்கள்தான் இடுப்பு வலி என்று சொல்கிறார்கள்.

மாடியில் பைகளில் வளர்க்கிறோம். களை எங்கிருந்து வருகிறது?

நீங்கள்தான் கொண்டுவருகிறீர்கள். மக்காத சாணம் பெரிய வாசல். மாடு தின்ற புல்லின் விதை பலவும் சாணத்தில் உயிரோடு வரும். நர்சரியில் வாங்கும் செடியின் மண் அடுத்தது. செடி வாங்கியதும் தொட்டியின் மேல் மண்ணை ஓர் அங்குலம் வழித்து எறிந்துவிட்டு நடுகிறேன். அதில் முப்பட்டைக் குருத்து ஒன்று தெரிந்தாலும் அந்தச் செடியை வாங்குவதில்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். மிச்சத்தைக் காற்றும் பறவையும் பார்த்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்தால் மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். கட்டை விரல் அளவு வேர் ஓடிய பிறகு சுவரைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மூடாக்கு போட்டால் களை வராது என்கிறார்களே?

விதையால் முளைப்பவற்றுக்கு அதைவிட நல்ல மருந்தில்லை. வெளிச்சம் இல்லாமல் நாற்று எழாது. ஆனால் தூவிவிட்டால் போதாது, நான்கு விரல் உயரமாவது வேண்டும். தென்னை நார், வைக்கோல், காய்ந்த இலை எதுவும் ஆகும். இலையுதிர் மாதங்களில் தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் கொட்டுவதை இரண்டு சாக்கு கேட்டால் பெருக்குபவர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். செடியின் தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். கோரைக்கும் அருகுக்கும் மூடாக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஒரு சங்கடம் உண்டு. மழைக்காலத்தில் மூடாக்குக்கு அடியில் ஆப்பிரிக்க நத்தை குடியேறும். இரவில் டார்ச்சோடு போய் கையுறை போட்டுப் பொறுக்க வேண்டியதுதான். நான் ஆகஸ்டில் மூடாக்கைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன்.

பாத்தி முழுவதும் களை விதை. மண்ணையே வெயிலில் சூடாக்கிச் சுத்தம் செய்ய முடியுமா?

முடியும். மார்ச், ஏப்ரலில் மண்ணைச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, மெல்லிய, நிறமில்லாத பாலித்தீன் தாளை இழுத்து விரித்து ஓரங்களை மண்ணால் மூடிவிடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம். நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. நாள் முழுவதும் வெயில் படாத இடத்தில் செய்வது வீண். இரண்டு அடுக்குமாடிக்கு நடுவில் இருக்கும் எங்கள் பின்பக்கப் பாத்தியில் செய்து, தாளுக்கு அடியில் களை இன்னும் செழிப்பாக வளர்ந்ததைப் பார்த்தேன்.

உப்பு, வினிகர், பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்தால் போய்விடும் என்று வீடியோ வந்தது. செய்யலாமா?

உப்பைத் தோட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். களை சாகும், பிறகு அங்கே கறிவேப்பிலையும் வராது. பல வீடுகளில் கடினமான போர்வெல் தண்ணீரால் மண் ஏற்கெனவே பட்டபாடு போதும். சமையல் வினிகரில் அமிலம் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். இளம் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. வாசல் சிமெண்டு வெடிப்பில் வரும் புல்லுக்குச் சோறு வடித்த கொதிக்கும் கஞ்சியே போதும். இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டும், காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

களைக்கொல்லி மருந்து?

நான்கடி மண்ணுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. பலர் கேட்கும் கிளைபோசேட் இலை வழியாக இறங்கி வேர் வரை கொல்வது உண்மை. காற்றில் ஒரு துளி பறந்து தக்காளி மேல் விழுந்தால் தக்காளியும் போகும். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் வைத்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் வழியாக அன்றி யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாராகுவாட் இன்னும் மோசம். விழுங்கினால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. எந்த மருந்தையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

பிடுங்கியதை உரத்தொட்டியில் போடலாமா?

பூக்காததைத் தாராளமாகப் போடலாம். பூக்காத பார்த்தீனியம்கூட நல்ல தழையுரம். விதை பிடித்ததைப் போடாதீர்கள். விதை சாக வேண்டுமானால் குவியலின் நடுவில் 55, 60 டிகிரி சூடு சில நாளாவது நிற்க வேண்டும். பால்கனியில் இருக்கும் மண்பானைத் தொட்டி அந்தச் சூட்டைத் தொடுவது அரிது. கோரைக்கிழங்கு, புளியாரைக் குமிழ், அருகம்புல் தண்டு மூன்றையும் ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, மூடி, ஒரு மாதம் அழுகவிடுகிறேன். நாற்றம் தாங்காது. மாடிப் படிக்கட்டுப் பக்கம் வைத்துவிட்டு எங்கள் வீட்டில் நான் வாங்கிக்கொண்ட வசவை இங்கே எழுத முடியாது. அழுகியபின் பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம்.

எந்தக் களையைச் சமைக்கலாம்? ஏமாந்துவிட மாட்டோமா?

குப்பைக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை, பொன்னாங்கண்ணி, புளியாரை இவற்றை நம் வீடுகளில் தலைமுறையாகச் சமைக்கிறார்கள். ஏமாறும் இடம் பருப்புக்கீரையில். தரையோடு படரும் அம்மான் பச்சரிசி இனச் செடிகள் தூரத்தில் அதைப் போலவே தெரியும். தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது பருப்புக்கீரை அல்ல. பருப்புக்கீரையின் தண்டு சதைப்பற்றோடு இருக்கும், இலை தடித்து வழுவழுவென்றிருக்கும். ஊமத்தை நாற்றைக் கீரை என்று நினைத்துப் பறித்துவிடக் கூடாது, அது நஞ்சு. சாலையோரத்திலும் சாக்கடையோரத்திலும் பறித்தவை, மருந்து தெளித்த இடத்தில் பறித்தவை எதுவும் வேண்டாம்.

பருப்புக்கீரையைப் பிடுங்கிப் பாத்தியிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள். சதைப்பற்றில் இருக்கும் நீரை வைத்துக்கொண்டு கிடந்த இடத்திலேயே வேர்விட்டு எழுந்துவிடும்.

கானாவாழை பூக்கும் முன்பே எடுத்தும் எப்படித் திரும்ப முளைக்கிறது?

நீலப் பூவைத்தானே பார்த்தீர்கள். அது மண்ணுக்கடியிலும் பூக்கும். திறக்காத சிறு பூக்கள், அங்கேயே தன் மகரந்தத்தில் கருவுற்று அங்கேயே விதை கட்டும். ஆகவே வேரோடு, அடித்தண்டோடு எடுக்க வேண்டும்.

தோட்டக்காரர் வந்தால் கீரை, துளசிக் கன்று எல்லாவற்றையும் வழித்துவிடுகிறார். எப்படிச் சொல்வது?

களை என்பதைக் கன்னடத்திலும் களெ என்றுதான் சொல்கிறார்கள்; மொழி பிரச்சினையல்ல. விட்டுவைக்க வேண்டியதன் பெயரைச் சொல்லுங்கள்: பொன்னாங்கண்ணிக்கு ஹொன்னகொன்னே, மணத்தக்காளிக்கு கணிகே சொப்பு, பருப்புக்கீரைக்கு கோணி சொப்பு. அதைவிட எளிது, காப்பாற்ற வேண்டிய கன்றுக்குப் பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சி நட்டுவிடுவது.

பூனைகள் வந்து ஒரே ஒரு செடியை மட்டும் தோண்டி, அதன் மேல் புரளுகின்றன. ஏன்?

அது குப்பைமேனி. அதன் வேர் என்றால் பூனைக்கு ஒரு மயக்கம். பூனைவணங்கி என்று இன்னொரு பெயரே உண்டு. எங்கள் தெருப் பூனை ஒன்று நான் பாதி பிடுங்கிப் போட்ட குப்பைமேனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண் சொருகி, வெண்டைப் பாத்தி முழுவதையும் உழுதுவிட்டது. பிடுங்கினால் உடனே எடுத்து மூடி வையுங்கள்.